பிரிக்ஃபீல்ட்ஸ் மாடியில் வடையும் வலைப்பக்கமும்

"மலேசியாவிலேர்ந்து வந்ததும் அந்தப் பக்கத்தை எடுத்துடுங்க" என்று சுகந்தி சொன்னபோது நான் பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். முறுக்குப் பொட்டலத்தைப் பெட்டியின் மூலையில் திணித்தபடி, நாளைக்குப் பால் வேண்டாம் என்று பால்காரரிடம் சொல்வதுபோலச் சொன்னாள். அந்தக் குரல்தான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தப் பக்கம் என்பது 'சுகந்தியின் அடுக்களை'. தொண்ணூறுகளின் பின்பாதி அது. வீட்டுத் தொலைபேசிக் கம்பியில் மோடம் கீச்சிட்டுக் கத்தினால்தான் இணையம் என்ற காலம். பகலில் திருச்சியில் ஒரு சின்னக் கம்பெனிக்குக் கணக்கு மென்பொருள் எழுதுவேன். மாலையில் அவள் சமையல் குறிப்பு சொல்லச் சொல்ல, தமிழில் தட்டி, இலவசமாக இடம் கொடுத்த ஒரு தளத்தில் ஏற்றுவேன். வெளிநாட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிற தமிழர்கள் படித்துவிட்டுச் சந்தேகம் கேட்பார்கள், சுகந்தி பதில் சொல்வாள் என்பது எங்கள் ஏற்பாடு. அதற்காகப் பக்கத்தின் அடியில் 'சுகந்தி அக்காவைக் கேளுங்கள்' என்று ஒரு பெட்டியும் வைத்திருந்தேன்.

இரண்டு வருடமாக அந்தப் பெட்டியில் ஒரு ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. ஆரம்பத்தில் நான் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்பே "ஏதாவது வந்துச்சா?" என்று கேட்பாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். சாப்பாடு பிரமாதம் என்று சொன்னால்கூட, "உங்களுக்கு வேற போக்கிடம் இல்ல, சொல்றீங்க" என்பாள். கைமணத்துக்குப் பேர் போனவளை ஒரு கணினியை வைத்துக் குன்றிப்போகச் செய்துவிட்டேனே என்று எனக்குள் ஒரே குமைச்சல். அந்தக் குமைச்சலோடுதான் விமானம் ஏறினேன்.

போன காரியம் கிள்ளானில். அங்கே ஒரு துணிக்கடைக்கு எங்கள் கம்பெனியின் பில் போடும் மென்பொருளை நிறுவிக் கொடுக்க வேண்டும். கடை முதலாளியை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். நாகப்பட்டினம் பக்கத்துக்காரர், வாலிபத்திலேயே கிள்ளானுக்கு வந்து நிலைத்தவர். கடைக்குள் நான் காலை வைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வாங்க தம்பி, பசியாறிட்டியளா?" என்பது. இரண்டாவது கேள்வியும் அதேதான், ஏனென்றால் முதல் தடவை நான் சொன்ன "ஆச்சு பாய்" என்பதை அவர் நம்பவில்லை.

பக்கத்துக் கடைக்குக் கூட்டிப் போனார். ரொட்டி சானாய் என்று தட்டில் வந்ததைப் பார்த்தால் நம் பரோட்டாவுக்குச் சித்தப்பா மகன் மாதிரி இருந்தது. தொட்டுக்கொள்ளப் பருப்புக் கறி. சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூட வந்த 'தே தாரே'தான் என்னைக் கவிழ்த்தது. ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்கு முழ நீளத்துக்கு இழுத்து ஆற்றிய தேநீர். வித்தையெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, குடித்தால் பாயசம். கும்பகோணம் டிகிரி காப்பியில் வளர்ந்த நாக்கு எனக்கு.

"கூராங் மானிஸ்னு கேக்கணும் தம்பி. சீனி கொறச்சலான்னு அர்த்தம்" என்றார் பாய். அன்றிலிருந்து கிளம்பும் நாள் வரை நான் போன கடையிலெல்லாம் "கூராங் மானிஸ்" என்று கேட்டேன். பாயசத்தில் ஒரு கரண்டி சீனியைக் குறைத்துக் கொடுத்தார்கள்.

மறுநாள் முழுக்கக் கடையில்தான். மென்பொருள் சமர்த்தாக ஓடியது, ஆகவே எனக்கு வேடிக்கை பார்க்க நேரம் கிடைத்தது. கிள்ளானின் அந்தத் தெருவில் நின்றால் திருச்சி பெரிய கடைவீதி மாதிரியே இருக்கும். மல்லிகைப் பூ, ஊதுபத்தி, வாசலில் தொங்கும் சேலை, ஒலிபெருக்கியில் பாட்டு எல்லாம் உண்டு. ஒரே வித்தியாசம், தெருவில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை. அந்த அமைதி எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. சேலை எடுக்க வந்த ஒரு பெண்மணி, "அக்கா, இந்த கலர் சந்தேக் லா, ஆனா பிரைஸ்தான் மாஹால்" என்றார். அழகு ஒரு மொழியில், நிறமும் விலையும் இன்னொரு மொழியில், அக்கா மட்டும் தமிழில். கேட்டுக்கொண்டிருந்த விற்பனைப் பெண்ணுக்கு ஒரு குழப்பமும் இல்லை, எனக்குத்தான் பாய் அர்த்தம் சொல்ல வேண்டியிருந்தது. சந்தேக் என்றால் அழகு, மாஹால் என்றால் விலை அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. "இன்னிக்கு யாவாரம் கூட்டமா இருக்கும், மெசின நோண்டப்படாது. நீங்க ஊரச் சுத்திட்டு வாங்க தம்பி" என்று பாய் எனக்கு விடுமுறை கொடுத்தார். நானும் அதற்குத்தான் காத்திருந்தேன். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் தேவா என்பவர் எனக்காக ஒரு கூட்டம் ஏற்பாடு செய்திருந்தார். தேவாவை நான் அதுவரை நேரில் பார்த்ததில்லை. தமிழில் வலைப்பக்கம் செய்கிற பைத்தியங்கள் உலகம் முழுக்கச் சேர்ந்து ஒரு மின்னஞ்சல் குழு நடத்தினோம், அதில் பழக்கம். மாதத்தில் ஒரு ஞாயிறு, கோலாலம்பூர்ப் பக்கத்துப் பைத்தியங்கள் மட்டும் கூடி, ஆளுக்கு ஆள் ஓய்வு நேரத்தில் செய்த பக்கங்களைக் காட்டி யோசனை கேட்பார்கள். எனக்குக் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. சுகந்தியை ஏன் யாரும் எதுவுமே கேட்பதில்லை?

கிள்ளான் நிலையத்தில் ரயில் ஏறினேன். வெள்ளை வெளேரென்று, குளிரூட்டி ஓட, உட்கார இடத்தோடு ஒரு ரயில். நம் ஊரில் இப்படி ஒரு வண்டி வந்தால் அதில் குடித்தனமே வைத்துவிடுவார்கள் என்று நினைத்தபடி கண்ணை மூடினேன். திறந்தபோது கடல் வாடை அடித்தது. எதிர்த் திசை வண்டியில் ஏறி, துறைமுகத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். எதிரே இருந்த மலாய்க்காரப் பெரியவர் என் முழியைப் பார்த்துவிட்டு அவர் மொழியில் ஏதோ கேட்டுச் சிரித்தார். பக்கத்திலிருந்தவர் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார்: "கப்பலிலா ஊருக்குப் போகப் போகிறாய் என்று கேட்கிறார்." அதே வண்டியில் அசடு வழியத் திரும்பினேன்.

கோலாலம்பூர் நிலையத்தில் இறங்கி டாக்ஸி பிடித்து, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேலே இருந்த கணினி வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் பாதி முடிந்திருந்தது. "வாங்கோ வாங்கோ, துறைமுகம் எப்படி இருக்கு?" என்று தேவா படியிலேயே வரவேற்றார். அவருக்கு அதற்குள் ஊகம் வந்துவிட்டது, கிள்ளானிலிருந்து வருகிற வெளியூர்க்காரர்கள் எல்லாரும் ஒருமுறை துறைமுகம் பார்த்துவிட்டுத்தான் வருவார்களாம். யாழ்ப்பாணத்துக் குடும்பம் அவருடையது. அப்பாவும் தாத்தாவும் அரசாங்க உத்தியோகம், இவரும் அதே. உத்தியோகத்தில் காட்டாத அதிகாரத்தையெல்லாம் அந்த மாடியில் காட்டுவார்.

அங்கே ஒரு சட்டம் இருந்தது. யாருடைய பக்கத்தைப் பார்க்கிறோமோ, அவர் வாயில் வடை இருக்க வேண்டும். கீழ்க்கடையிலிருந்து ஒரு தட்டு உளுந்து வடை வரும். பக்கத்தை அதுவரை பார்க்காத ஒருவர் கணினியில் உட்கார்ந்து தனக்குத் தோன்றியதை அழுத்துவார், தனக்குப் பட்டதை வாய்விட்டுச் சொல்வார். செய்தவர் பின்னால் நின்று வடையைத் தின்ன வேண்டியதுதான். தட்டு காலியாகும் வரை ஒரு வார்த்தை பேசக்கூடாது.

"இதென்ன சடங்கு?" என்று கேட்டேன்.

"முன்னெல்லாம் பக்கத்துலயே நின்னுக்கிட்டு, இங்க அழுத்துங்க, அங்க அழுத்துங்கன்னு சொல்லிக்குடுப்பாங்க லா. பாக்குறவங்களும் மரியாதைக்கு, நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னுட்டுப் போயிடுவாங்க. உலகத்துல ஒவ்வொரு வீட்டுக்கும் நீங்களும் கூடப் போய் வெளக்கம் சொல்லுவீங்களா? அதான் வடை" என்றார் தேவா.

புது ஆள் என்பதால் என்னைத்தான் அடுத்து உட்கார வைத்தார்கள். மலர் என்ற பெண்ணின் பக்கம். அவள் பந்திங்கில் பிறந்தவள், தோழிகளோடு கோலாலம்பூரின் செராஸில் வீடு எடுத்துத் தங்கி ஒரு கம்பெனியின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறாள். பந்திங்குக்கும் கிள்ளானுக்கும் ஓடுகிற பஸ்களின் நேரத்தை ஒரு பக்கத்தில் போட்டிருந்தாள். நல்ல யோசனை. ஆனால் உச்சியில் ஒரு பஸ் படம், சக்கரம் சுழல ஓடுகிற மாதிரி. அது கோடு கோடாக இறங்கி முடிவதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

"இந்தப் பஸ் வந்து சேர்றதுக்குள்ள அந்தப் பஸ் கிளம்பிப் போயிடும்மா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மலர் வாய் நிறைய வடையோடு என்னை முறைத்தாள். மென்று முடித்ததும், "போலே லா அண்ணே, சரி, எடுத்துடுறேன். ஆனா அந்த பஸ்ஸ வரையத்தான் ரொம்ப நாளாச்சு" என்று சொன்னாள். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

அடுத்தது என் முறை. தேவா என் கையில் வடையைக் கொடுத்தார். என் பக்கத்தின் முன்னால் மலர் உட்கார்ந்தாள். பழி வாங்கும் சந்தோஷத்தோடுதான் உட்கார்ந்தாள் என்று நினைக்கிறேன்.

மோடம் கத்தி ஓய்ந்து பக்கம் திறந்தது. திரையைப் பார்த்தேன். தொப்பி வைத்த ஏ, வால் முளைத்த சி, பவுண்டுக் குறி, அரை, கால் பின்னங்கள், நடுநடுவே கேள்விக்குறி. மேலிருந்து கீழ் வரை அதேதான்.

"அலாமாக்! இது என்ன பாஷைண்ணே?" என்றாள் மலர்.

"ம்ம்ம்" என்றேன். வடை.

"நீலத்துல அஞ்சாறு எடத்துல அழுத்தலாம்னு இருக்கு. எதை அழுத்துனா என்ன வரும்னு தெரியல. வைரஸ் கிய்ரஸ் வந்துட்டா? நானா இருந்தா இப்பவே வேற பேஜுக்குப் போயிடுவேன்." சொன்னபடியே மூடியும்விட்டாள். சுகந்தியின் இரண்டு வருடத்தை அவள் பார்த்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

வடை தொண்டையில் அடைத்துக்கொண்டது. தேவா என் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார். இருமலுக்கு நடுவே, "அந்தக் கடைசி நீலக் கோட்டை அழுத்தினா எழுத்துரு இறங்கும்! அதைப் போட்டுக்கிட்டா தமிழ் தெரியும்!" என்று கத்தினேன்.

அன்றைக்கெல்லாம் ஒவ்வொரு தமிழ்ப் பக்கத்துக்கும் ஒரு எழுத்துரு. அதை இறக்கிக் கணினியில் போட்டுக்கொண்டால்தான் எழுத்து எழுத்தாகத் தெரியும், இல்லாவிட்டால் இந்தத் தொப்பியும் வாலும்தான்.

"சரி, அந்தக் கோட்டுல என்ன எழுதியிருக்கீங்க?" என்று கேட்டார் தேவா.

"'தமிழ் தெரியவில்லையா? எழுத்துருவை இங்கே பெறலாம்'னு எழுதியிருக்கேன்."

"எந்த எழுத்துல?"

தமிழ்ப் பக்கத்தில் ஆங்கிலம் எதற்கு என்ற வீறாப்பில் அந்த வரியையும் அதே எழுத்துருவில்தான் எழுதியிருந்தேன். வீட்டைப் பூட்டி, சாவி எங்கே இருக்கிறது என்று வீட்டுக்குள்ளேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். என் வீட்டுக் கணினியில் எழுத்துரு இருந்தது. ஆபீஸில் நானே போட்டு வைத்திருந்தேன். காட்டிய நண்பர்கள் வீட்டிலெல்லாம் பிளாப்பியைக் கொண்டுபோய் நானே போட்டுவிட்டுத்தான் காட்டினேன். நான் கூடப் போகாத இடத்தில் யாருமே அதைப் படித்ததில்லை.

மாடி அதிரச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. "தேவா, குழுவில் நான் முகவரி போட்டப்பவே நீங்க என் பக்கத்துக்குப் போயிருப்பீங்களே, ஏன் சொல்லலை?" என்று கேட்டேன்.

"போனேன். கரமுரன்னு வந்துச்சு. இன்னும் கட்டிக்கிட்டு இருக்கீங்கபோலன்னு நெனச்சேன். சொன்னா சங்கடப்படுவீங்கன்னு விட்டுட்டேன்" என்றார். சொல்லிவிட்டு அவரே ஒரு வடையை எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டார்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது. இன்று யாராவது எதையாவது செய்து போட்டால், உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் நொடியில் கருத்து வந்து குவிகிறது. அன்று ஒருவர் குறை சொல்ல வேண்டுமென்றால் பஸ் ஏறி வர வேண்டும். வந்தவர்களும் சொல்லிவிட்டு எழுந்து போகமாட்டார்கள், சரி செய்யும்வரை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்கள். "அந்த ஒரு வரிய மட்டும் படமா போட்டுடுங்க, படத்துக்கு எழுத்துரு வேணாம்" என்றார் தேவா. ஒருவர் அந்த வரியைப் படமாக வரைந்தார். இன்னொருவர் கீழே ஆங்கிலத்திலும் ஒரு வரி சேர்த்தார், நான் தடுக்கவில்லை. கேள்விப் பெட்டியில் 'தமிழில் மட்டும் எழுதவும்' என்று நான் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு மலர், "எங்க கீபோர்டுல தமிழ் எங்கண்ணே இருக்கு?" என்றாள். அதையும் எடுத்தோம். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினாலும் போதும் என்று ஆயிற்று.

எழுத்துருவைப் போட்டு, கணினியை அணைத்துத் திறந்து, மறுபடி பக்கத்துக்குப் போனாள் மலர். தமிழ் வந்தது. கண்ணில் முதலில் பட்ட குறிப்பை உரக்கப் படித்தாள். "பருப்பு உருண்டைக் குழம்பு. பருப்பை ஊற வைத்துப் பக்குவமாக அரைக்கவும். அவசரப்படாதீங்க, அவசரக்காரிக்கு உருண்டை நிக்காது." சுகந்தி சொல்லும்போது நான் சிரித்துக்கொண்டே தட்டிய வரி. முன்பின் தெரியாத ஒரு பெண், கடல் தாண்டி ஒரு மாடியில், என் மனைவியின் பேச்சைப் பேசுகிறாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கீழே இறங்கியதும் நடைபாதைத் தொலைபேசியில் அட்டையைச் செருகி வீட்டுக்குப் பேசினேன். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"கேக்குதா சுகந்தி? உன் சமையல் பிடிக்காம இல்ல. யாராலயும் படிக்கவே முடியல!"

"எனக்கு ஆறுதல் சொல்றதுக்காகக் கதை கட்டாதீங்க" என்றாள். "ரெண்டு வருஷம் ஒருத்தர்கூடவா படிக்க முடியாமப் போகும்? கெட்டிக்காரர் நீங்க, உங்களுக்கா தெரியாமப் போகும்? வந்து எடுத்துடுங்க. உடம்பப் பாத்துக்குங்க" என்று வைத்துவிட்டாள். என் முட்டாள்தனத்தை என் மனைவி நம்ப மறுத்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

திங்களும் செவ்வாயும் கடையில் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன், மனம் அதில் இல்லை. "ஊட்டு ஞாபகமா தம்பி?" என்று பாய் நாசி லெமாக் பொட்டலத்தை என் முன்னால் தள்ளினார். தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறு, காரச் சம்பல், பொரித்த நெத்திலி. சைவக்காரன் என்று சொல்லி நெத்திலியை அவர் பக்கம் ஒதுக்கினேன். மற்றதை ருசித்துச் சாப்பிட்டேன், சுகந்திக்கு இந்தச் சோற்றின் பக்குவத்தைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும் என்று தோன்றியது. உடனே, அவள் இனி எதற்குப் புதுசாகச் சமைக்கப் போகிறாள் என்றும் தோன்றியது.

புதன்கிழமை மாலை, கிள்ளானில் வாடகைக்குக் கணினி கொடுக்கிற ஒரு கடையில் என் அஞ்சலைத் திறந்தேன். கேள்விப் பெட்டியிலிருந்து ஒரு கடிதம். ஆங்கில எழுத்தில் தமிழ்.

"சுகந்தி அக்கா, நான் மலர். ஹவுஸ்மேட் எல்லாம் சேந்து உருண்டைக் குழம்பு செஞ்சோம். உருண்டை எல்லாம் கொழம்புல கரைஞ்சு போச்சு. கூழு மாதிரி ஆயிடுச்சு. ஆனா டேஸ்ட்டு நல்லா இருந்துச்சு, சட்டிய வழிச்சு சாப்ட்டோம். பக்குவமா அரைக்கணும்னு போட்டிருக்கீங்க. பக்குவம்னா எவ்ளோ அக்கா? எங்களுக்குத் தெரியல. வெள்ளிக்கெழம திரும்பச் செய்யப் போறோம், சொல்லித் தாங்க."

கடைக்காரரிடம் சொல்லக்கூட நிற்காமல் தொலைபேசிக்கு ஓடினேன். ஓடிவிட்டுத் திரும்பி வந்து அஞ்சலை மூடிவிட்டு மறுபடி ஓடினேன். சுகந்தி எடுத்தாள். நான் வேறெதுவும் சொல்லவில்லை, கடிதத்தை நினைவிலிருந்து வரிக்கு வரி ஒப்பித்தேன்.

"தண்ணிய வடிச்சாளா?" என்றாள்.

"என்ன?"

"பருப்பு ஊறின தண்ணிய ஒட்ட வடிக்கணும். சொட்டுத் தண்ணி இருந்தாக் கரைஞ்சிடும். ஐயோ, நான் அதைச் சொல்லாம விட்டுட்டேனே! நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியுமேன்னு இருந்துட்டேன். கொரகொரப்பா அரைக்கச் சொல்லுங்க, விரல்ல தேச்சா ரவை மாதிரி நெரடணும், அதான் பக்குவம். பயமா இருந்தா ஆவில வேகவெச்சுப் போடச் சொல்லுங்க. குழம்பு தளதளன்னு கொதிக்கும்போது போடணும். மொத்தமாக் கொட்டிடப் போறா. மொதல்ல ஒண்ணே ஒண்ணு போடணும், கரண்டிய உள்ள விடவே கூடாது, அது மெதந்து மேல வந்துச்சுன்னா அப்புறம் ரெண்டாவது..."

அட்டை தீர்ந்து தொடர்பு அறுந்தது. நான் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சு அது. திரும்பப் போய், அவள் சொன்னதைச் சொன்னபடியே, "மொத்தமாக் கொட்டிடப் போறா" உட்பட, மலருக்குத் தட்டி அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை பாய் பெட்டி நிறையப் பிஸ்கட்டும் சுகந்திக்கு ஒரு சேலையும் கொடுத்து வழியனுப்பினார். அதன் பிறகு கணினி கண்ணில் படவில்லை. விமானம், சென்னை, ராத்திரி ரயில், திருச்சியில் ஆட்டோ.

உறையூரில் விடியும்போது இறங்கினேன். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு, வெளியூரிலிருந்து யார் வந்தாலும் முதலில் காப்பி, பிறகுதான் பேச்சு. சுகந்தி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நான் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை, என்ன வாங்கி வந்தீர்கள் என்றும் கேட்கவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு உருண்டை மெதந்துச்சா?"

"தெரியலையே, நான் வழியில இருந்தேன்."

பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அப்போ மொதல்ல போய்ப் பாருங்க. காப்பி அப்புறம் தரேன்."